பட்டாளத்துப் பூட்டனாரை நிலக் கணக்கில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் நம்மிடையே பெருகிவருவது மகிழ்ச்சி தருகிறது. அந்த வரலாறுகளில் அடிக்கடி ஒருவர் வருகிறார். இளவயதில் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் கடந்து சண்டைக்குப் போய், பென்ஷனோடு ஊர் திரும்பி, மிச்ச காலமெல்லாம் ஏர் பிடித்த பூட்டனார். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் அவர்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் போரிலிருந்து தொடங்குகிறார்கள். "பர்மா சண்டைக்குப் போனவர்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ராணுவ அலுவலகங்களுக்கு எழுதுகிறார்கள். பதில் வருவதில்லை, அல்லது "விவரம் இல்லை" என்று வருகிறது. தேடலும் அதோடு நின்றுவிடுகிறது. நிலத்திலிருந்து தொடங்கியிருந்தால் பலருக்குப் பெயராவது கிடைத்திருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. லண்டனுக்குப் போன ராணுவக் காகிதங்களில் வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயரும் ஐரோப்பியச் சிப்பாய்களின் பெயரும் உண்டு. நம்மவர்கள் அங்கே பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள். ஒரு சிப்பாயின் பெயர், தகப்பனார் பெயர், சாதி, ஊர், தாலுகா, வயது, உயரம், அங்க அடையாளம் எல்லாம் எழுதிய பட்டியல் அவரவர் பட்டாளத்தில்தான் இருந்தது. பட்டாளங்கள் கலைக்கப்பட்டபோது அவற்றில் மிகச் சிலவே தப்பின. வருவாய்த் துறை அப்படி இருக்க முடியாது. தாமஸ் மன்றோ காலத்தில் வேரூன்றிய ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவரிடமும் அரசு நேராகத் தீர்வை, அதாவது நிலவரி, வாங்கியது. அதனால் யார் பெயரில் எவ்வளவு நிலம், நன்செயா புன்செயா, எவ்வளவு கிஸ்தி என்று ஆண்டுதோறும் எழுதியே ஆக வேண்டியிருந்தது. சிப்பாயாக அவரை மறந்த அரசு, வரி கட்டுகிறவராக அவரை மறக்கவில்லை.

தேடுவது இன்றிலிருந்து பின்னோக்கி. குடும்பத்துக்குப் பூர்வீகமாக வந்த நிலத்தின் இப்போதைய சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விற்றுவிட்ட நிலமானாலும் பரவாயில்லை, இடம் தெரிந்தால் போதும். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்வதில், பல எண்கள் உட்பிரிவாகி மாறின. ஆகவே அப்போதைய 'அ' பதிவேட்டில் பழைய எண் எது என்று முதலில் பார்க்க வேண்டும். அதை வைத்து ரீசெட்டில்மெண்ட், அதாவது தீர்வையை மறுபடி நிர்ணயித்த பதிவேட்டுக்கும், அங்கிருந்து தீர்வையை முதலில் நிர்ணயித்த செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கும் போகலாம். 1858-ல் சர்வே, செட்டில்மெண்ட் பணிகள் முறையாகத் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக நடந்தன. சுமார் முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை ரீசெட்டில்மெண்ட் வந்தது. செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண், அதற்கு முந்தைய பைமாஷ் (பழைய நில அளவை) எண், நிலத்தின் தரம், ஏக்கருக்குத் தீர்வை, பரப்பு, பட்டா எண், பட்டாதார் பெயர் என்று வரிசையாக இருக்கும். அந்தப் பைமாஷ் எண்தான் இன்னும் பழைய கணக்குக்குள் நுழையும் வாசல். மாவட்டப் பதிவேடுகள் பல சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கிராமம், தாலுகா, பழைய மாவட்டம், சர்வே எண் நான்கும் குறிப்பிட்டு மனுக் கொடுத்தால் சான்றிட்ட நகல் கேட்கலாம்.

'பழைய மாவட்டம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பல மனுக்கள் இங்கேதான் விழுகின்றன. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டம். நாமக்கல் 1997 வரை அதே சேலம். விழுப்புரம் 1993 வரை தென்னார்க்காடு. ராமநாதபுரம் தனி மாவட்டமானதே 1910-ல்தான். 1870-ஆம் ஆண்டுப் பதிவேட்டை இன்றைய மாவட்டத்தின் பெயரில் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

ஊர் ஜமீனாக இருந்திருந்தால் வழி வேறு. ஜமீன் கிராமத்தில் அரசுக்கு வரி கட்டியவர் ஜமீன்தார்; குடியானவர்கள் பெயர் ஜமீன் கணக்கில்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஊர்களுக்கு 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டப்படி ஜமீன்கள் எடுக்கப்பட்ட பிறகு நடந்த செட்டில்மெண்ட்தான் பெரும்பாலும் முதல் அரசுப் பதிவு. ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக்காரர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

இனாம், அதாவது மானியமாகக் கொடுத்த நிலமாக இருந்தால் அது பெரும் வாய்ப்பு. சிறப்பாகப் பணியாற்றிய சுதேசி அதிகாரிகள் சிலருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலமானியம் கொடுத்ததுண்டு. 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து எழுதிய பதிவேட்டில், மானியம் கொடுத்தது யார், முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், இவருக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதெல்லாம் தனித்தனிப் பத்திகளாக இருக்கும். இரண்டு மூன்று தலைமுறைகளை ஒரே வரியில் தரும் அரசு ஆவணம் இதைப்போல் வேறில்லை.

இனி, கிடைத்த கணக்கை வாசிப்பது. ஆண்டு பசலியில், அதாவது வருவாய்த் துறையின் கணக்காண்டில், இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. 1300-ஐ 1890 என்று மட்டும் எழுதிவிட்டால், 1891 மாசியில் நடந்தது ஓராண்டு முன்னால் போய்விடும். தொகையும் பரப்பும் பழைய கணக்குகளில் தமிழ் எண்களில் இருக்கும். பின்னங்களும் அப்படியே: முந்திரி 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, மாகாணி 16-இல் ஒன்று. இங்கே காணியும் மாவும் பின்னமாகவும் வரும், நில அளவாகவும் வரும். பத்தியின் தலைப்பைப் பார்க்காமல் படித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். நில அளவில் செங்கல்பட்டுப் பக்கத்துக் காணி 100 குழி, 57,600 சதுர அடி, கிட்டத்தட்ட 1.32 ஏக்கர். மற்ற சீமைகளில் அளவுகள் வேறு. அந்தந்த மாவட்டத்து அளவைத் தெரிந்துகொண்டுதான் ஏக்கராக்க வேண்டும். 1818-க்கு முந்தைய கணக்கென்றால் வராகன், பணம், காசில் இருக்கும். ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய். வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு. அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள், காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். பெயரை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதே கணக்கர் அதே பக்கத்தில் எழுதிய மற்ற பெயர்களோடு ஒப்பிட்டால்தான் கையெழுத்து பிடிபடும்.

ஆண்டுக் கணக்குகளில் முக்கியமானவை இரண்டு. இரண்டாம் நம்பர் கணக்கு அடங்கல், எந்த நிலத்தில் என்ன பயிர் என்பது. பத்தாம் நம்பர் சிட்டா, ஒவ்வொரு பட்டாதாரின் பேரேடு. தொடர்ச்சியாகப் பத்து ஆண்டுச் சிட்டா கிடைத்தால் அதுவே ஒரு வாழ்க்கை வரலாறு. பட்டா தகப்பனாரிடமிருந்து மகனுக்கு மாறும் ஆண்டு, பெரும்பாலும் சாவுக்கு ஓரிரு ஆண்டு பிந்தியது. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899-ல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய சாவுகளுக்குப் பல ஊர்களில் இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் பெயர் மறைந்தாலே ஆள் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. தாது வருஷப் பஞ்சத்தில், பசலி 1286, 1287-இல், தீர்வை கட்ட முடியாமல் நிலத்தை ராஜிநாமா செய்துவிட்டுப் பிழைப்புத் தேடிப் போனவர்கள் உண்டு. ஐந்தாறு ஆண்டு கழித்து அதே பெயர் வேறு பட்டா எண்ணில் திரும்ப வரலாம். அந்த இடைவெளியையும் தாண்டிப் பார்த்த பிறகே ஆள் இல்லை என்று சொல்லலாம்.

பெயர்களில் நடக்கும் தவறு ஒன்று குடும்ப வரலாறுகளையே குலைத்துவிடுகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி, மறுபடி ராமசாமி என்று போகும். 1840-இல் ஒரு முத்துசாமி, 1895-இல் ஒரு முத்துசாமி என்று பார்த்ததும் இருவரையும் ஒருவராக்கி, தொண்ணூறு வயது வாழ்ந்த வீரரை உருவாக்கிவிடுகிறார்கள். தகப்பனார் பெயரோடு சேர்த்துத்தான் ஒருவரை அடையாளம் காண வேண்டும். அதற்கும் மேலே ஒரு தலைமுறை கிடைத்தால்தான் உறுதி, ஏனென்றால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் இருவருக்கும் ஒரே தாத்தா பெயர் இருக்கும். அவர்கள் நிலமும் அடுத்தடுத்த சர்வே எண்ணில்தான் இருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகம்தான் நிலத்தையும் பட்டாளத்தையும் இணைக்கும் இடம். 1860-களில் தொடங்கிய பத்திரப் பதிவில், எழுதிக் கொடுப்பவரும் வாங்குபவரும் இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன சாதி, இன்ன ஜீவனம் என்று வருவார்கள். "விவசாய ஜீவனம்" என்பதற்குப் பதிலாக "பென்ஷன் ஜீவனம்" என்று ஒரு பத்திரத்தில் பார்த்துவிட்டால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். சிப்பாயின் மாதச் சம்பளம் 1895-இல் ஒன்பது ரூபாயாக உயரும்வரை ஏழு ரூபாய்தான். வெளிநாட்டுப் பணியில் இருக்கும்போது சம்பளத்தில் ஒரு பகுதி ஊரில் உள்ள குடும்பத்துக்குப் போகும் ஏற்பாடு இருந்தது. அதில் மிச்சம் பிடித்து வாங்கிய நிலம் அவர் பெயரில் இருக்கலாம்; அவர் ஊரில் இல்லாத காலமென்றால் தகப்பனார் பெயரிலோ மனைவி பெயரிலோ இருக்கலாம். ஆகவே மூன்று பெயரிலும் தேட வேண்டும். அவ்வளவு பழைய காலத்துக்கு இணையத்தில் வில்லங்கம் பார்க்க முடியாது. அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பெயர் வாரியான முதல் அட்டவணையையும் சொத்து வாரியான இரண்டாம் அட்டவணையையும் தேடச் சொல்ல வேண்டும். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் தனியே இருப்பதால் வில்லங்கத்தில் வராது. நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், சின்னத் துண்டு நிலங்களுக்குப் பத்திரம் கிடைக்காமலும் போகலாம். அது அவர் நிலம் வாங்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டுகள் என்ற நான்கும் கைக்கு வந்த பிறகு போருக்குப் போகலாம்.

சென்னைப் படை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிகம் போனது பர்மாவுக்குத்தான்: 1824 முதல் 1826 வரை முதல் போர், 1852-53-இல் இரண்டாவது, 1885 நவம்பரில் மூன்றாவது. மூன்றாவதில் தலைநகர் மாண்டலே இரண்டே வாரத்தில் விழுந்தது. ஆனால் உள்நாட்டுச் சண்டை பல ஆண்டு நீடித்தது. சாவுகளும் காய்ச்சலும் பெரும்பாலும் அந்தப் பிந்தைய ஆண்டுகளில்தான். 1839-42 சீனப் போருக்கு 37-ஆவது காலாட்படையும் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் என்ற பொறியாளர் பட்டாளமும் போயின. 1860 சீனா, 1868 அபிசீனியா, 1882 எகிப்து ஆகியவற்றில் சாப்பர்ஸ் இருந்தது.

வீட்டில் பேசப்படும் ஆண்டு தமிழ் வருஷப் பெயராக இருந்தால் கவனம் தேவை. "பார்த்திப வருஷம் பர்மாவுக்குப் போனார்" என்றால் 1885-86 ஆகலாம். அறுபது வருஷச் சுற்றில் அதற்கு முந்தைய பார்த்திப 1825-26, அப்போதும் பர்மாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. இரண்டில் எது என்பதைத் தலைமுறைக் கணக்குத்தான் தீர்க்கும். தலைமுறைக்கு 25 முதல் 30 ஆண்டு வைத்துக்கொண்டு, நிலக் கணக்கில் அவருடைய மகன் எப்போது பட்டாதாராக வருகிறார் என்று பாருங்கள். 1850-களிலேயே மகன் பட்டாதார் என்றால் முதல் பர்மா போர். 1910 வாக்கில் என்றால் மூன்றாவது.

வீட்டுப் பெரியவர்களிடம் எந்தப் போர் என்று கேட்பதைவிட, எந்த ஊர்களில் குடியிருந்தார்கள் என்று கேட்பது பலன் தரும். சென்னைப் படைச் சிப்பாய்கள் குடும்பத்தையும் பட்டாளத்து லயனில் வைத்துக்கொண்டவர்கள். பெல்லாரி, கண்ணனூர், சிக்கந்தராபாத், நாகபுரிக்குப் பக்கத்துக் காம்டி, மௌல்மேன் என்று ஊர்ப் பெயர்கள் பாட்டிகளின் பேச்சில் தங்கியிருக்கும். எந்தப் பட்டாளம் எந்த ஆண்டு எங்கே இருந்தது என்பது சென்னைப் படைப் பட்டியல்களிலும், 1880-களில் வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாற்றிலும் இருக்கிறது. இரண்டு ஊரும் ஒரு பிள்ளை பிறந்த ஆண்டும் கிடைத்தால் பட்டாளத்தின் எண்ணைப் பெரும்பாலும் நெருங்கிவிடலாம்.

அந்த எண்ணிலும் ஒரு சிக்கல். 1903-இல் சென்னைக் காலாட்படை எண்களோடு 60 கூட்டப்பட்டது. 3-ஆவது பாளையங்கோட்டைப் படை 63 ஆயிற்று, 23-ஆவது வாலாஜாபாத் படை 83 ஆயிற்று, 1-ஆவது பயனியர்ஸ் 61 ஆயிற்று. 1885-இல் சண்டையிட்டவரை 83-ஆவது பட்டாளத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். 10-ஆவது சென்னைக் காலாட்படையோ பிறகு கூர்க்காப் படையாகிவிட்டது. அந்த 10-ஆவது கூர்க்கா ரைபிள்ஸின் ஆட்களில் நம் முன்னோரைத் தேட முடியாது. மதராஸ் ரெஜிமெண்டும் 1928-இல் கலைக்கப்பட்டு இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் திரட்டப்பட்டது. சாப்பர்ஸ் மட்டுமே அறுபடாமல், பெங்களூரில் மதராஸ் எஞ்சினியர் குரூப்பாகத் தொடர்கிறது.

வீட்டில் பதக்கம் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது, அதைத் தேய்க்காமல் இருப்பது. மூன்றாம் பர்மா போருக்கான வெள்ளிப் பதக்கத்தின் குறுக்களவு 36 மில்லிமீட்டர். விளிம்பில் எண், பதவி, பெயர், பட்டாளம் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்க்கத் தேய்க்க முதலில் போவது அந்த விளிம்பு எழுத்துதான். பக்கவாட்டில் விளக்கு வைத்து, விளிம்பைச் சுற்றிலும் சிறிது சிறிதாகத் திருப்பிப் படமெடுங்கள். மங்கிய எழுத்தும் தெரியும். இதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால் அவர் படையோடு போன சுமைகாரர், சமையல்காரர் போன்ற பணியாளர். அதுவும் போர்க்களப் பணிதான். அதை மறைத்துச் சிப்பாய் என்று எழுத வேண்டியதில்லை. முதல் பர்மா போருக்குக் கம்பெனி கொடுத்த பதக்கத்தில் ஆவாவின் (பர்மா அரசின்) வெள்ளை யானை சிங்கத்தின் முன் மண்டியிட்டிருக்கும். அதில் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். எகிப்துப் போருக்கான கெதீவ் நட்சத்திரமும் பெயரில்லாததே. பெயரில்லாத பதக்கம் போரைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. பெயர் பொறித்த பதக்கம் கிடைத்த பிறகுதான் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ள பதக்கப் பட்டியல்களைத் தேடுவதில் பொருளுண்டு. அங்கே பெயர்கள் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும், எழுத்துக்கு எழுத்து ஒத்துவராது. பட்டாளத்தின் எண்ணையும் ஆளின் எண்ணையும் வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

குடும்பக் கதைகளில் சிப்பாய் சுபேதாராகிவிடுவதும் நடக்கிறது. சிப்பாய், நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார் என்ற ஏணியில் சுபேதாரானவர்கள் மிகச் சிலரே. "ரங்கூனுக்குப் போனார்" என்பதும் எப்போதும் போரல்ல. நெல் ஆலைக்கும் துறைமுக வேலைக்கும் போனவர்கள்தான் மிக அதிகம். 1859-இல் காவல் துறை அமைந்த பின் பட்டாளத்திலிருந்து அதில் சேர்ந்தவர்களும் உண்டு. தாலுகா சேவகரும் ஊரார் வாயில் சிப்பாய்தான். எந்தச் சான்றில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். பெரியவர்கள் சொன்னது என்றால், யார், எந்த ஆண்டு சொன்னார் என்று அதையும் குறித்து வையுங்கள்.

மடித்து வைத்த பழைய டிஸ்சார்ஜ் காகிதம் கிடைத்தால் லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் சில ஆண்டுகளில் மையையும் காகிதத்தையும் சேர்த்துக் கெடுக்கும், பிரிக்கவும் முடியாது. காகிதத்தை விரித்து இரண்டு பக்கமும் படமெடுத்து, மறுபடி அதே மடிப்பில் மடிக்காமல், அமிலமில்லாத அட்டைக்குள் தட்டையாக வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இது அவசரமானது. 1980 நவம்பரில் கர்ணம் என்ற கிராமக் கணக்கர் பதவி ஒழிக்கப்பட்டபோது கிராமக் கணக்குகள் எல்லாமே முறையாகத் தாலுகா அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. பழைய சிட்டாக்களும் பைமாஷ் கணக்குகளும் முன்னாள் கர்ணங்களின் வீட்டுப் பரண்களில் தங்கிவிட்டன. அந்தத் தலைமுறை இப்போது மறைந்துவருகிறது. வீடு இடிக்கும்போது அவை பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. உங்கள் ஊரில் முன்னாள் கர்ணம் குடும்பம் எது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். போய், மரியாதையாகக் கேட்டு, அவர்கள் வீட்டிலேயே வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போகக் கேட்காதீர்கள், கொடுக்கத் தயங்குவார்கள். வருவாய்த் துறையும் ஆவணக் காப்பகமும் தாலுகா வாரியாக ஒரு நாள் குறித்து, இந்தக் கணக்குகளை வாங்கி மின்படியாக்கித் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். பரண் தூசியைத் தட்டிவிட்டு இந்த ஆண்டுக்குள் தொடங்க வேண்டிய வேலை இது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்